கேட்பாரின்றி வாழ்ந்தவள்: ஜெயகாந்தனின் கங்காவும் அவள் தனிமையும்

இந்த ஆண்டுச் சொற்பொழிவுக்கு ஜெயகாந்தனின் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலை எடுத்துக்கொண்டிருக்கிறேன். இந்த ஊரில் நின்று அவரைப் பற்றிப் பேசுவது பொருத்தம்தான். 1934 ஏப்ரல் 24 அன்று கடலூர் மஞ்சக்குப்பத்தில் பிறந்தவர் அவர். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டார். சிறுவனாக வீட்டை விட்டு ஓடி வந்து சேர்ந்த ஊர் இந்த விழுப்புரம். இங்கே மாமா வீட்டில்தான் பாரதியும் பொதுவுடைமையும் அவருக்கு அறிமுகமாயின. 1946-இல் சென்னைக்குப் போய், கம்யூனிஸ்ட் கட்சி அலுவலகத்திலும் ‘ஜனசக்தி’ அச்சகத்திலும் வளர்ந்தவர், பிறகு ஞானபீடம் வரை சென்றது நீங்கள் அறிந்த வரலாறு. 1993-இல் விழுப்புரம் தனி மாவட்டமாகப் பிரிவதற்கு முன்பு நாம் எல்லாரும் ஒரே தென்னார்க்காட்டுக்காரர்கள். அந்த உரிமையில் அவரை நம்மவர் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் வாழ்க்கைக் குறிப்பை வைத்து நாவலுக்கு உரை எழுதும் வழியில் நான் போகப் போவதில்லை. விழுப்புரத்து மாமாவுக்கும் நாவலில் வருகிற தஞ்சாவூர் வெங்கு மாமாவுக்கும் முடிச்சுப் போட்டால் இருவருக்கும் அநியாயம் செய்தவர்களாவோம். நாவலில் என்ன இருக்கிறதோ அதிலிருந்தே பேசுவோம்.

கதை உங்களில் பலருக்குத் தெரியும். படித்துத் தெரியாதவர்களுக்கு 1977-இல் வெளிவந்த, பீம்சிங் இயக்கி லட்சுமி நடித்த திரைப்படம் வழியாகவாவது தெரியும். மழை கொட்டும் ஒரு மாலையில், பஸ்ஸுக்கு நின்ற கல்லூரி மாணவி ஒருத்தி, முன்பின் தெரியாதவன் ஓட்டி வந்த காரில் ஏறுகிறாள். அவன் அவளைக் கெடுத்துவிட்டு இறக்கிவிடுகிறான். அண்ணன் கணேசன் வீட்டை விட்டுத் துரத்துகிறான். தாய் கனகம் அவளோடு வெளியேறுகிறாள். வெங்கு மாமா படிக்க வைக்கிறார். பன்னிரண்டு ஆண்டு கழித்து நாம் பார்க்கும்போது கங்கா பெரிய உத்தியோகத்தில் இருக்கிறாள், கைநிறையச் சம்பளம் வாங்குகிறாள், அம்மாவைக் காப்பாற்றுகிறாள், திருமணம் ஆகவில்லை. இந்தப் பெண்ணின் தனிமைக்கு நம் திறனாய்வு வழக்கமாக ஒரு காரணம் சொல்லும்: சமூகம் அவளை ஒதுக்கியது, அதனால் அவள் தனித்தாள். இந்த விளக்கம் எனக்குப் போதவில்லை. அவளை ஒதுக்கியது அண்ணன் ஒருவன்தான். மற்றவர்கள் அவளை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். தாய் மகனை விட்டுவிட்டு இவளோடு வந்தாள். மாமா பணம் செலவழித்தார். அலுவலகம் அவளை மதிக்கிறது. ஆதரவுக்குக் குறைவில்லை. குறைந்தது என்னவென்றால், அன்று உனக்கு என்ன நேர்ந்தது, அது உனக்கு எப்படி இருந்தது, இப்போது நீ என்ன நினைக்கிறாய் என்று அவளிடம் ஒருவரும் கேட்கவில்லை. ஒவ்வொருவரும் அவளைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்து, அந்த முடிவுக்கேற்ப அவளைத் துரத்தினார்கள், அழுதார்கள், படிக்க வைத்தார்கள். தன்னைப் பற்றிய முடிவு முன்கூட்டியே கட்டப்பட்டுவிட்ட மனிதருக்கு வருகிற தனிமை இது. அது ஆளில்லாத வீட்டில் வருவதைவிட ஆள் நிறைந்த வீட்டில்தான் அதிகம் வருகிறது. இந்த ஒரு கருத்தைத்தான் இன்று நிறுவ முயல்கிறேன்.

இதற்கு முதல் சான்று நாவலுக்கு வெளியே, அதன் விதையில் இருக்கிறது. 1966-இல் ஆனந்த விகடனில் ‘அக்கினிப் பிரவேசம்’ என்ற சிறுகதையை ஜெயகாந்தன் எழுதினார். அதே மழை, அதே கார், அதே பெண். வீடு திரும்பியதும் அவள் தாயிடம் நடந்ததைச் சொல்லிவிடுகிறாள். அதன் பிறகு நடப்பதை நிதானமாகக் கவனியுங்கள். தாய் முதலில் மகளை அடிக்கிறாள். சத்தம் கேட்டு அண்டை அயலார் எட்டிப் பார்க்கிறார்கள். அந்த நொடியில் அவளுக்குச் சுயநினைவு வருகிறது. இப்படி மழையில் நனைந்துகொண்டு வந்ததற்காகத்தான் அடித்தேன் என்று சொல்லி அவர்களை அனுப்பிவிடுகிறாள். பிறகு மகளைக் குளியலறைக்கு இழுத்துப்போய்த் தலையில் தண்ணீரை ஊற்றுகிறாள். குடம் குடமாக ஊற்றுகிறாள். ஊற்றிவிட்டு, உன்மேல் கறையில்லை, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். இதை யாரிடமும் சொல்லிவிடாதே என்றும் எச்சரிக்கிறாள். அந்த நாளில் வாசகர்களிடையே பெரும் சர்ச்சை எழுந்தது. தாய் செய்தது சரியா, தவறா என்று வாதாடினார்கள். வாதாடியவர்கள் எல்லாரும் தண்ணீரையே பார்த்தார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. தண்ணீர் ஒரு சடங்கு. அந்தத் தாய் செய்த அசல் காரியம் அதற்கு ஒரு நிமிடம் முன்பே முடிந்துவிட்டது. அடிப்பதை நிறுத்தினாள், ஊரைக் கதவுக்கு வெளியே நிறுத்தினாள், மகளின் நாளைய வாழ்வு பற்றிய தீர்ப்பை எழுத மறுத்தாள். தண்ணீர் ஊற்றாமலே இந்த மூன்றையும் செய்திருந்தாலும் அந்தப் பெண் பிழைத்திருப்பாள். இவற்றைச் செய்யாமல் ஆயிரம் குடம் ஊற்றியிருந்தாலும் பயனில்லை.

நாவலில் ஜெயகாந்தன் மாற்றியது இந்த ஒரு நிமிடத்தை மட்டும்தான். நாவலின் தாய் கூச்சலிடுகிறாள். கூச்சல் வீட்டுக்குள் இருந்த மகன் காதுக்கும், சுவருக்கு அப்பாலிருந்த ஊர் காதுக்கும் போய்விடுகிறது. அந்தக் கூச்சலில் கெட்ட எண்ணம் துளியும் இல்லை. அது பயம், பாசம், அறியாமை. ஆனால் அதன் விளைவு, கங்கா வாய் திறப்பதற்கு முன்பே அவள் கதையை வேறொருவர் சொல்லி முடித்துவிட்டார் என்பது. அதற்குப் பிறகு பன்னிரண்டு ஆண்டுகள் அவளைச் சுற்றி அந்த விஷயம் பேசப்பட்டுக்கொண்டே இருக்கிறது. ஜாடையாக, பெருமூச்சாக, திட்டாக, அறிவுரையாக. அதில் பங்கு பெறாத ஒரே ஆள் கங்காதான். நம் ஊர்ப்பக்கம் இது புதிய செய்தி இல்லை. திண்டிவனத்திலிருந்து மயிலம், விக்கிரவாண்டி வழியாக விழுப்புரத்துக்குப் படிக்க வரும் பெண்பிள்ளை பஸ் ஸ்டாண்டில் யாரிடமாவது இரண்டு வார்த்தை நின்று பேசினால், அவள் வீடு போய்ச் சேரும் முன்பே அந்தச் செய்தி போய்ச் சேர்ந்துவிடும் என்பதை இங்கே இருக்கும் மாணவியர் என்னைவிட நன்றாக அறிவார்கள். வீட்டில் அவளுக்காகக் காத்திருப்பது விசாரணைகூட இல்லை, தீர்ப்பு. படிப்பை நிறுத்துவதா, மாப்பிள்ளை பார்ப்பதா என்ற அளவில்தான் பேச்சு மிஞ்சியிருக்கும். அந்த நிலையில் அவளுக்கு ஏற்படும் தனிமையை அறிந்தவர்கள் கங்காவின் தனிமையை உரை இல்லாமலே புரிந்துகொள்வார்கள்.

இன்னொரு சான்று நாவலின் வடிவத்தில் இருக்கிறது. சிறுகதையில் அந்தப் பெண்ணுக்குப் பெயரே கிடையாது. கதைசொல்லி அவளை ‘அவள்’ என்றே சொல்லிக்கொண்டு போகிறார். 1970-இல் நாவலாகும்போது அவளுக்குக் கங்கா என்ற பெயர் வருகிறது, கூடவே தன் கதையைத் தானே சொல்லும் குரலும் வருகிறது. தொடக்கத்திலேயே, மழைக்கு ஒதுங்கிப் பஸ்ஸுக்குக் காத்து நிற்பவர்களை அவள் ஒவ்வொருவராகப் பார்த்து மனசுக்குள் எடைபோடுகிறாள். பஸ்ஸில் ஏறியதும் ஆண்களின் நெரிசலில் தன் உடம்பைக் குறுக்கிக்கொண்டு நிற்கிறாள். அவ்வளவு கூர்மையான பார்வை, அவ்வளவு சரளமான பேச்சு, அத்தனையும் மனசுக்குள். வீட்டுக்கு வந்தால் அம்மாவோடு பேச்சு காப்பிக்கும் சாப்பாட்டுக்கும் மேல் போவதில்லை. நாவல் முழுவதும் கங்கா நிறுத்தாமல் பேசுகிறாள், ஆனால் நெடுங்காலம் நாவலுக்குள் இருக்கும் யார் காதிலும் அது விழுவதில்லை. 1966-இல் அந்தப் பெண்ணைப் பற்றித் தீர்ப்புச் சொன்ன அதே வாசகர் கூட்டத்தை, அடுத்த நான்கே ஆண்டுகளில் அவள் பேச்சை உட்கார்ந்து கேட்க வைத்தார் ஜெயகாந்தன். சிறுகதையை விரித்து எழுதிய நாவல் என்று இதைச் சொல்லுவது வழக்கம். என் கணிப்பில் இது விரிவாக்கத்தைவிடப் பெரிய காரியம். தாயின் நடத்தை சரியா என்ற வழக்கை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, வழக்கில் ஒரு வார்த்தை பேச அனுமதிக்கப்படாத பெண்ணைக் கூண்டிலிருந்து இறக்கிப் பேச வைத்த காரியம்.

நாவலின் நடுவில் ஜெயகாந்தன் செய்யும் ஒரு துணிச்சலான வேலையை இங்கே சொல்ல வேண்டும். தன் சிறுகதையையே எடுத்து, ஆர்.கே.வி. என்ற எழுத்தாளர் பத்திரிகையில் எழுதிய கதையாக நாவலுக்குள் வைக்கிறார். தாயும் மகளும் அதைப் படிக்கிறார்கள். கனகம் அழுகிறாள். கதையில் வந்த தாயைப் போல நடந்துகொள்ளத் தனக்குப் புத்தி இல்லாமல் போயிற்றே என்று அழுகிறாள். பன்னிரண்டு ஆண்டுகளில் கங்காவுக்குக் கிடைத்த முதல் ஆறுதல் இதுதான் என்று நாம் நினைக்கக்கூடும். ஆனால் அந்த ஆறுதல் அவள் கைக்கு வந்து சேர்வதில்லை. ஏனென்றால் கனகம் அப்போதும் மகளைப் பார்த்து அழவில்லை. தன்னை நினைத்து அழுகிறாள். ஆர்.கே.வி.யின் பரிவும் அவர் மனசில் உருவாக்கிய பெண்ணுக்குத்தான் போய்ச் சேர்ந்தது. அதே நகரத்தில் உத்தியோகம் பார்த்துக்கொண்டு உயிரோடு இருப்பவளுக்கு வரவில்லை. இலக்கியம் மனிதரைப் புரிந்துகொள்ள உதவும் என்று மேடைதோறும் நாம் சொல்லிவருகிறோம். தன் சொந்தக் கதையையே சாட்சிக் கூண்டில் ஏற்றி, அதனால் எவ்வளவு முடியும், எவ்வளவு முடியாது என்று ஓர் எழுத்தாளர் இவ்வளவு நேர்மையாகக் கணக்குப் பார்த்த இன்னொரு இடம் தமிழில் எனக்குத் தெரியாது. கதையால் ஒன்று முடிந்தது: தனக்கு நேர்ந்ததை வேறு விதமாகவும் பார்க்கலாம் என்று கங்காவுக்குத் தெரிந்தது. அதற்குமேல், ஒரு மனிதர் வந்து உட்கார்ந்து கேட்க வேண்டியிருந்தது.

அந்த மனிதரைத் தேடித்தான் அவள், அன்று காரில் வந்த பிரபுவிடம் போகிறாள். நாவலில் மிக அதிகமாகத் தவறாகப் படிக்கப்பட்ட திருப்பம் இதுதான். வெங்கு மாமா ஒரு விதி சொல்லியிருக்கிறார்: இவள் இனி யாருக்கும் மனைவியாக முடியாது, வேண்டுமானால் வைப்பாக இருக்கலாம்; சாமர்த்தியம் இருந்தால் அன்று கெடுத்தவனையே தேடிப் பிடிக்கட்டும். சாஸ்திரம் பேசும் இந்த மாமாவின் கண்ணும் கையும் கங்காவின் மேல் எப்படிப் போகின்றன என்பதை நாவல் மறைக்காமல் சொல்கிறது. எனவே கங்கா பிரபுவைத் தேடிப் போவதை, மாமாவின் விதிக்குப் பணிந்ததாகவோ அவருக்குப் போட்டியாகச் செய்த சவாலாகவோ பலர் படித்திருக்கிறார்கள். சவால் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அவள் தேடலில் அதைவிட ஆழமான தேவை ஒன்று இருக்கிறது. அந்த மாலையில் நடந்தது என்ன என்று அவளைத் தவிர உலகத்தில் அறிந்தவன் அவன் ஒருவன்தான். மற்றவர்களிடம் இருப்பதெல்லாம் கேள்விப்பட்ட கதை, கற்பனை, பழி. ஒன்றை நேரில் கண்ட இன்னொரு மனிதரிடம் போய், ஆமாம், அது நடந்தது, இப்படித்தான் நடந்தது என்று கேட்டு உறுதி செய்துகொள்ளாமல் மனசு அமைதியாகாது. தன்னைக் கெடுத்தவனே தன் ஒரே சாட்சியாகவும் இருப்பது கங்காவின் கொடிய விதி. ஆர்.கே.வி. மூலம் அவனைக் கண்டுபிடித்துப் பழகும்போது, அவள் அவனிடம் பணம் கேட்கவில்லை, தாலி கேட்கவில்லை, உடலுறவையும் நாடவில்லை. பேசுகிறாள். பன்னிரண்டு ஆண்டுகளாக மனசுக்குள் மட்டும் ஓடிக்கொண்டிருந்த குரல் முதன்முறையாக வெளியே ஒரு மனிதனிடம் போகிறது. அவனும், வீட்டில் மனைவி பத்மாவின் மதிப்பை இழந்து, எதற்கும் உதவாதவன் என்று முடிவுகட்டப்பட்ட ஆள். அவனைப் பற்றியும் எல்லாரும் முன்பே தீர்மானித்துவிட்டார்கள். இவர்கள் இருவரும் சேர்ந்து காரில் போவதைப் பார்த்து ஊர் என்ன பேரிடுமோ அதை மறுக்கக்கூடக் கங்கா முயல்வதில்லை.

இந்த இடத்தில் ஓர் அமெரிக்க நாவலை ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும். கார்சன் மக்கல்லர்ஸ் தம் 23-ஆம் வயதில், 1940-இல் வெளியிட்ட ‘தி ஹார்ட் இஸ் எ லோன்லி ஹண்டர்’ நாவலில் ஜான் சிங்கர் என்று ஒருவர் வருகிறார். காது கேளாதவர், வாய் பேசாதவர். தெற்குப் பகுதியின் ஒரு சிறு ஆலைநகரத்தில் வாழும் நான்கு பேர் அவர் அறைக்கு மாறி மாறி வந்து தங்கள் மனசைக் கொட்டுகிறார்கள்: இசைமேல் பித்துக்கொண்ட சிறுமி, ஊர்சுற்றும் தொழிலாளர் கிளர்ச்சிக்காரர், தம் மக்களுக்காக வேகும் கறுப்பின மருத்துவர், உணவு விடுதிக்காரர். இவர் ஒருவர்தான் நம்மைப் புரிந்துகொள்கிறார் என்று நால்வரும் நம்புகிறார்கள். சிங்கருக்கோ அவர்கள் சொல்வதில் பாதி விளங்குவதில்லை. அவர் ஏங்குவது மனநல விடுதியில் இருக்கும் தம் பழைய நண்பருக்காக. அந்த நண்பர் இறந்ததும் அவர் தற்கொலை செய்துகொள்கிறார். புரிந்துகொள்ளப்பட்டோம் என்ற உணர்வு வெறும் மயக்கமாக இருக்கலாம் என்பது மக்கல்லர்ஸின் கசப்பான கண்டுபிடிப்பு. இதைப் படித்தவர்கள் என்னைப் பார்த்துக் கேட்கலாம்: கங்காவுக்குப் பிரபுவும் அப்படி ஒரு சிங்கர்தானே, அவனிடம் தன் பிம்பத்தைத்தானே அவள் பார்க்கிறாள்? நான் அப்படி நினைக்கவில்லை. சிங்கரால் திருப்பிக் கேட்க முடியாது, பிரபு கேட்கிறான். தடுமாறுகிறான், வெட்கப்படுகிறான். தான் மறந்தே போன ஒரு மாலை இன்னொருத்தியின் வாழ்நாளை எப்படி விழுங்கியது என்று கொஞ்சம் கொஞ்சமாக அறிந்து அதிர்கிறான். அவன் மாறுகிறான் என்பதே அவள் பேச்சு அவனிடம் போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சி.

அப்படியானால் நாவல் ஏன் துயரத்தில் முடிகிறது? என் வாதத்துக்கு முக்கியமான சான்று அந்த முடிவுதான். கங்காவின் மேல் அக்கறை கொண்டதாலேயே பிரபு ஒரு முடிவுக்கு வருகிறான். இவள் திருமணம் செய்துகொண்டு நல்லபடி வாழ வேண்டும், அதற்குத் தான் தடையாக இருக்கக் கூடாது என்று தீர்மானித்து விலகிப் போகிறான். அண்ணன் செய்தது போலத் துரத்தவில்லை, மாமா போல மேய்க்கவில்லை, அம்மா போலக் கூச்சலிடவில்லை. ஆனாலும் அவர்கள் செய்த அதே காரியத்தைத்தான் அவனும் செய்கிறான்: அவளைக் கேட்காமல் அவளுக்கு எது நல்லது என்று முடிவு செய்கிறான். இத்தனை நாள் தோழனாக இருந்தவன் ஒரே நாளில் இன்னொரு காப்பாளன் ஆகிவிடுகிறான். கங்கா குடிக்கத் தொடங்குவது அதற்குப் பிறகுதான். காதல் தோல்வி என்று இதைச் சுருக்கிச் சொன்னால் நாவலின் முதுகெலும்பே போய்விடும். மாமாவின் காமத்தைத் தாங்கிக்கொண்டு, அண்ணனின் வசையைத் தாங்கிக்கொண்டு உத்தியோகத்தில் உயர்ந்தவள் அவள். கேட்க ஆளில்லாத பன்னிரண்டு ஆண்டுகளைத் தாங்கியவளால், கேட்க ஓர் ஆள் இருந்து பிறகு இல்லாமல் போனதைத் தாங்க முடியவில்லை.

பெண்ணிய நோக்கில் எழும் மறுப்பு வலிமையானது. அதைத் தட்டிக்கழிக்க நான் தயாராக இல்லை. ஒரு பெண்ணைக் கெடுத்தவனையே அவளுடைய உற்ற தோழனாக்கி, அவன்மேல் நமக்கு இரக்கம் வரச் செய்வது குற்றத்தைக் கரைப்பதாகாதா என்று கேட்கிறார்கள். ஓரளவு ஆகும் என்பதே என் பதில். பிரபுவின் குற்ற உணர்ச்சிக்கு நாவல் கொடுக்கும் இடம், அவன் பொறுப்புக்குக் கொடுக்கும் இடத்தைவிட அதிகம். அந்த மாலையில் நடந்ததை எந்தப் பெயரால் அழைப்பது என்பதில் நாவல் கடைசிவரை தயங்குகிறது. 17 வயதுப் பெண்ணின் திகைப்பை இணக்கமாகப் படிக்க வாசகருக்கு அது வழி விட்டுவைத்திருக்கிறது. இவை குறைகள்தாம். ஆனால் கங்கா பிரபுவை மன்னிப்பதற்காகப் போனாள் என்று சொல்வது நாவலில் இல்லாததைச் சொல்வதாகும். மன்னிப்பு அங்கே பேச்சுக்கே வரவில்லை. மேலும், அவள் அவனிடம் போக வேண்டிய நிலை ஏன் வந்தது என்று அந்த மறுப்பைச் சொல்பவர்கள் நின்று யோசிக்க வேண்டும். தாயோ அண்ணியோ அலுவலகத் தோழியோ, ஒரே ஒரு பெண் அவளிடம் உட்கார்ந்து கேட்டிருந்தால் அவனைத் தேட வேண்டிய தேவை எழுந்திருக்காது. அவனைத் தவிர கேட்க ஒருவரும் இல்லை என்பதைவிடக் கடுமையான குற்றச்சாட்டை அந்தச் சமூகத்தின்மேல் எந்த வழக்கறிஞரும் சுமத்திவிட முடியாது.

கங்கா தானே வாயைத் திறந்து பேசியிருக்கலாமே, அவள் கர்வம்தானே அவளைத் தனிமைப்படுத்தியது என்பாரும் உண்டு. கர்வம் இருக்கிறது. பஸ் ஸ்டாப்பில் நிற்பவர்களை அவள் பார்க்கும் பார்வையிலேயே அது தெரிகிறது. ஆனால் முதல் வார்த்தை பேசும்போதே, எதிரில் இருப்பவர் முகத்தில் தீர்ப்பு எழுதப்பட்டிருப்பதைப் பலமுறை கண்டவருக்கு மௌனம் ஒரு தற்காப்பு. அதைக் கர்வம் என்று பெயரிடுவது, கதவை வெளியே பூட்டிவிட்டு உள்ளே இருப்பவர் வெளியே வரவில்லை என்று குறைசொல்வது போன்றது.

நம் மாவட்டத்து வாசகர்கள் சொல்லக்கூடிய மறுப்பு ஒன்று உண்டு. எனக்கு அதுவே முக்கியம். இது சென்னையில் காப்பி குடித்துக்கொண்டு கவலைப்படும் பிராமணக் குடும்பத்தின் தனிமை. கையில் சம்பளம், தனி அறை, படிக்கப் பத்திரிகை. வயிற்றுப்பாட்டுக்கே அல்லாடும் தென்னார்க்காட்டுக் கிராமத்து மனுஷிக்கு இந்தத் தனிமை ஆடம்பரம் இல்லையா? இதற்குப் பதில் நான் சொல்ல வேண்டியதில்லை. இதே மண்ணின் பேச்சில் எழுதும் இமையம் 1994-இலேயே ‘கோவேறு கழுதைகள்’ நாவலில் சொல்லிவிட்டார். காலனித் தெருவுக்குத் துணி வெளுக்கும் ஆரோக்கியத்துக்குத் தனி அறை ஏது? வீடு வீடாகப் போய்ச் சோறு எடுக்கிறாள், களத்தில் நெல்லுக்கு நிற்கிறாள், பிரசவம் முதல் சாவு வரை எல்லா வீட்டுக் காரியத்திலும் அவள் கை இருக்கிறது. ஊரில் அவளைத் தெரியாதவர் இல்லை. கங்கா வாயை மூடிக்கொள்கிறாள் என்றால் ஆரோக்கியம் வாயை மூடுவதே இல்லை. முறையிடுகிறாள், ஒப்பாரி வைக்கிறாள், இந்தத் தெருவுக்குத் தான் பட்ட பாட்டையெல்லாம் வரிசையாகச் சொல்லி அழுகிறாள். நகரத்து லாண்டரியும் புதுத் துணிகளும் வந்து அவள் பிழைப்பை அரிக்கும்போது, பேச்சு இன்னும் கூடுகிறது. கேட்பவர்கள் அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டு ‘உம்’ கொட்டுகிறார்கள், அல்லது எரிந்து விழுகிறார்கள். அவள் யார், அவளுக்கு எவ்வளவு கொடுத்தால் போதும் என்பது அவள் பிறப்பிலேயே முடிவாகிவிட்டது. எனவே அவள் சொல்வதில் புதிதாகத் தெரிந்துகொள்ள எதுவும் இல்லை என்று ஊர் நினைக்கிறது. கங்காவின்மேல் ஒரு மாலை நிகழ்ச்சி எழுதிய தீர்ப்பை ஆரோக்கியத்தின்மேல் சாதி எழுதியிருக்கிறது. இருவர் துன்பமும் சமம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆரோக்கியத்தினுடையது பசியோடு சேர்ந்தது, அதற்கு ஓய்வு கிடையாது. ஆனால் தன் பேச்சு எதிரில் இருப்பவரிடம் எதையும் மாற்றவில்லை என்று அறியும் வேதனைக்கு வசதி ஒரு முன்நிபந்தனை இல்லை என்பதை அவளைப் படித்த பிறகு யாரும் மறுக்க முடியாது.

ஜெயகாந்தனே இந்தத் தனிமைக்கு ஒரு மாற்றை எழுதிப் பார்த்திருக்கிறார். ‘ஒரு மனிதன் ஒரு வீடு ஒரு உலகம்’ நாவலின் ஹென்றி, வளர்ப்புத் தந்தையின் ஊரைத் தேடி வருகிறவன். சாதி இல்லை, மதம் இன்னதென்று இல்லை, யார் பெற்ற பிள்ளை என்றும் தெரியாது. அந்த ஊருக்கு அவனைப் பற்றி முன்முடிவு எதுவும் கிடையாது. அதனால் கேட்கிறார்கள், அவன் சொல்கிறான், சொல்லச் சொல்ல உறவு வளர்கிறது. அவனும் பிறரிடம் அப்படியே இருக்கிறான். பேபி என்று ஒரு பெண், புத்தி பேதலித்தவள், நிர்வாணமாக அவன் வீட்டுக்கு வந்து சேர்கிறாள். துணி கொடுக்கிறான், சோறு போடுகிறான், நீ யார் என்று குடைவதில்லை. ஒரு நாள் அவள் சொல்லாமல் போய்விடுகிறாள். அவனுக்கு வருத்தம், ஆனால் அவளை நிறுத்தி வைக்கும் உரிமை தனக்கு உண்டென்று அவன் நினைக்கவில்லை. பிரபுவால் முடியாமல் போனது இதுதான். ஆயினும் ஹென்றி ஒரு கனவு மனிதன் என்று விமர்சகர்கள் சொல்வதை நான் ஏற்றுக்கொள்கிறேன். அவன் வெளியிலிருந்து வந்தவன், இழக்க எதுவும் இல்லாதவன். கங்காவோ பிறந்த ஊரிலேயே, பிறந்த சாதிக்குள்ளேயே, பழைய கதையைச் சுமந்துகொண்டு இருக்க வேண்டியவள். எனக்கு ஹென்றியின் மேல் ஆசை, கங்காவின் மேல் நம்பிக்கை. ஹென்றியின் நாவல்தான் அழகானது. கங்காவின் நாவல்தான் உண்மை அதிகம் கொண்டது.

இதெல்லாம் 1970-இன் கதை, இன்று சட்டம் இருக்கிறது என்று சொல்லி இந்த நாவலைப் பழையதாக்கிவிடலாமா? பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் தொல்லையைத் தடுக்கும் சட்டம் 2013-இல் வந்தது. நம் அரசு கலைக் கல்லூரிகள் உட்பட, பத்துப் பேரோ அதற்கு மேலோ பணியாற்றும் ஒவ்வொரு நிறுவனத்திலும் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும் என்பது கட்டாயம். பெரிய முன்னேற்றம் இது. அதைக் குறைத்துப் பேசுபவர்களோடு நான் இல்லை. கங்கா படித்த காலத்தில் எந்தக் கல்லூரியிலும் அவளைக் கேட்கக் கடமைப்பட்ட ஒரு மேசையும் நாற்காலியும் கிடையாது. ஆனால் குழு கேட்பது முடிவெடுப்பதற்காக. அது அப்படித்தான் இருக்க முடியும். 90 நாளில் விசாரணையை முடிக்க வேண்டிய பொறுப்பு அதற்கு உண்டு. அந்த மேசை வரை ஒரு பெண் நடந்து வருவதற்கு முன்னால், எந்த முடிவையும் கையில் வைத்துக்கொள்ளாமல் அவள் பேச்சைக் கேட்ட ஓர் அம்மாவோ தோழியோ ஆசிரியையோ இருந்திருக்க வேண்டும். விடுதிகளிலும் வகுப்புகளிலும் இருக்கும் உங்களிடம் நான் வேண்டிக்கொள்வது அந்த ஆளாக இருங்கள் என்பதுதான். காவல் நிலையத்தில் குற்றப் புகார் கொடுப்பதற்கு வேறு விதிகள் இருக்கின்றன. இந்தச் சட்டப்படி குழுவுக்குப் புகார் எழுதிக் கொடுக்க, சம்பவம் நடந்த நாளிலிருந்து 3 மாதம் அவகாசம். தக்க காரணம் இருந்தால் இன்னொரு 3 மாதம் நீட்டிக்கலாம். கங்கா வாய் திறந்து பேசப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின, அதுவும் அவள் பேசப் போனது பிரபுவிடம்.